வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்

மதுரையிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் ஆண்டு. நியூஜெர்சியில் இருக்கும் தாய்மாமன், "அமெரிக்க இலக்கியத்தை இங்கே வந்து படித்தால்தான் மதிப்பு, எம்.ஏ.வுக்கு அனுப்பு" என்று வாரந்தோறும் போனில் சொல்கிறாராம். வீட்டுப் பத்திரத்தை வைத்து 40 லட்சம் கடன் வாங்கும்வரை பேச்சு போய்விட்டது. கடிதத்தின் கடைசியில் ஒரு குறை: "எமிலி டிக்கின்சன் கவிதை ஒன்றை இரண்டு புத்தகத்தில் வைத்துக்கொண்டு, எங்கெங்கே மாறியிருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறாள். ஒன்றில் 5 பத்தி, இன்னொன்றில் 6 என்கிறாள். இதெல்லாம் சோறு போடுமா?"

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தக் கடனை வாங்காதீர்கள். அமெரிக்காவில் இலக்கிய எம்.ஏ. பெரும்பாலும் கைக்காசு போட்டுப் படிப்பதுதான். படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவில் வேலை பார்க்க 12 மாதம் அனுமதி உண்டு. கணினி, பொறியியல் படித்தவர்களுக்கு அதற்கு மேல் 24 மாதம் நீட்டிப்பு கிடைக்கும். இலக்கியம் படித்தவர்களுக்குக் கிடையாது. அந்த ஒரு வருடத்துக்குள் வேலை விசா எடுத்துத் தரும் நிறுவனம் அமைய வேண்டும், பெரும்பாலும் அந்த விசாவுக்கான குலுக்கலிலும் பெயர் விழ வேண்டும். இல்லையென்றால் டாலரில் செய்த செலவை ரூபாயில் சம்பாதித்து அடைக்க வேண்டியதுதான். உங்கள் அண்ணன் சொல்வது பாசத்தில். மாதத் தவணை கட்டப்போவது நீங்கள்.

பிஎச்.டி. கணக்கு வேறு. நல்ல துறைகளில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, வகுப்பெடுப்பதற்கு உதவித்தொகையும் தருகிறார்கள். இங்கே எம்.ஏ. முடித்துவிட்டு, முழு உதவி எழுத்தில் வந்தால் போகட்டும்.

பி.எட்., நெட், போட்டித் தேர்வு பற்றியெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லியிருக்கும். நான் அந்த நோட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

அவள் பிடித்தது 'பிகாஸ் ஐ குட் நாட் ஸ்டாப் ஃபார் டெத்' கவிதையாகத்தான் இருக்க வேண்டும். 1890-ல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் அதன் நான்காம் பத்தியை எடுத்துவிட்டு, 'தி சேரியட்' என்று தாங்களே தலைப்பும் வைத்தார்கள். கையெழுத்துப்படியைப் பார்த்து 1955-ல் தாமஸ் ஜான்சன் 1775 கவிதைகளைப் பதிப்பித்தார். 1998-ல் பிராங்க்ளின் 1789. இரண்டுமே ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பக வெளியீடுகள். ஏட்டுக்கு ஏடு வைத்து உ.வே.சா. பாடபேதம் குறித்தாரே, அதே வேலைதான். யாரும் சொல்லித் தராமல் உங்கள் மகள் அதைச் செய்கிறாள்.

அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் மெல்வில் சாட்சி. 1850-ல் வந்த 'ஒயிட்-ஜாக்கெட்' நாவலில், கடலில் விழுந்தவன்மேல் சுருண்ட மீன் ஒன்று உரசிப் போகிறது, மூலத்தில் 'காயில்ட்'. பிற்காலப் பதிப்பொன்றில் அச்சுப்பிழையாக 'சாயில்ட்', அழுக்கு மீன், ஆகிவிட்டது. மத்தியெசன் என்ற பெரிய விமர்சகர் 1941-ல் அந்த 'அழுக்கு' என்ற சொல்லைத்தான் மெல்விலின் மேதைமை என்று வியந்து எழுதினார். 1949-ல் 'அமெரிக்கன் லிட்டரேச்சர்' ஆய்விதழில் வந்த சின்னக் கட்டுரை அது அச்சுப்பிழை என்று காட்டியது. ஓர் எழுத்துதான் அம்மா.

மேலைநாட்டு ஆய்வுப் பதிப்பகங்கள் பலவற்றின் காப்பி எடிட்டிங் (அச்சுக்கு முன் பிழை பார்த்துச் செப்பனிடுவது), டைப்செட்டிங் (பக்கம் அமைப்பது), எக்ஸ்எம்எல் (மின்பதிப்புக்குக் குறியிடுவது) வேலைகள் இன்று சென்னையிலும் புதுச்சேரியிலும்தான் நடக்கின்றன. ஓர் ஆய்வு நூல் அங்கே வந்தால், மேற்கோள்களை மூலப் பதிப்போடு சரிபார்க்க வேண்டும், அடிக்குறிப்புகளைச் 'சிகாகோ மேனுவல்' என்ற பதிப்பு விதிநூலின் முறைக்குக் கொண்டுவர வேண்டும், எழுத்துக்கூட்டல் போன்றவற்றில் எடுத்த முடிவுகளை ஸ்டைல் ஷீட் என்ற பட்டியலில் பதிய வேண்டும், சந்தேகத்தை ஆசிரியரிடம் கேள்வியாக எழுப்ப வேண்டும். நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் உண்டு. டிக்கின்சன் 'அப்பான்' (upon) என்பதை 'ஓ' போட்டு 'ஓபான்' (opon) என்று எழுதுவார். பிராங்க்ளின் அப்படியே வைத்திருக்கிறார். மேற்கோளுக்குள் அதைத் திருத்துபவர் நூலைக் கெடுக்கிறார். ஆசிரியரின் சொந்த வாக்கியத்தில் அதே பிழை வந்தால் திருத்தத்தான் வேண்டும். எது எங்கே என்று தெரிவதுதான் தொழில்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவு வராது. வேலையில் பெரும்பங்கு அறிவியல், மருத்துவ இதழ்கள். இலக்கியம், வரலாறு போன்ற மனிதவியல் நூல்கள் குறைவு. எனவே நேர்காணலிலேயே "புத்தகப் பிரிவில் மனிதவியல் நூல்கள் உண்டா?" என்று கேட்கட்டும். பயிற்சிக்கு முன்பணம் கேட்கும் இடத்துக்கும், அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கும் போகவே வேண்டாம்.

அடுத்த ஆறு மாதத்துக்கு வேலை இருக்கிறது. வேர்டில் டிராக் சேஞ்சஸ் (திருத்தங்களைக் காட்டுவது), ஸ்டைல்ஸ் (தலைப்பு, பத்தி வடிவங்கள்), வைல்டு கார்டு தேடல் (ஒரே மாதிரிச் சொற்களை மொத்தமாகத் தேடுவது) மூன்றும் கை பழக வேண்டும். சிகாகோ மேனுவலின் 18-ஆம் பதிப்பு (2024) கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்கட்டும். நிறுத்தற்குறி, மேற்கோள், அடிக்குறிப்பு இயல்கள் முதலில். பிறகு, இணையத்தில் இலவசமாக இருக்கும் அமெரிக்கக் கவிஞர் விட்மனின் ஆவணக் காப்பகத்தில் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' 1855, 1891-92 பதிப்புகளைத் திறந்து, 1855-ல் முதலில் வரும் நீள்கவிதையின் (பின்னாளில் அதன் தலைப்பு 'சாங் ஆஃப் மைசெல்ஃப்') முதல் 50 வரிகளை ஒப்பிட்டு மாற்றங்களை அட்டவணையாக எழுதட்டும். முதல் வரியிலேயே மாற்றம் கிடைக்கும்.

இது அவளுக்கு அலுத்துப்போனால் வேறு வழி பேசுவோம். பிடிக்காத பிள்ளையை இதில் தள்ளச் சொல்லவே மாட்டேன். ஆனால் 50 வரியை முடித்துவிட்டு 51-ஆவது வரிக்குப் போனாள் என்றால், அந்த நோட்டையும் அட்டவணையையும் நேர்காணலுக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.