புதிய ஏறுகருவியைப் போட்டியில் அனுமதிக்கலாமா?

கேள்வி: சாயல்குடி வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊரில், ஆடி மாத முளைப்பாரித் திருவிழாவையொட்டிப் பனையேறும் போட்டி நடத்த இருக்கிறோம். உள்ளூர்ப் பட்டறையில் இளைஞர் ஒருவர் இரும்புச் சட்டத்தாலான ஏறுகருவியைப் புதிதாகச் செய்திருக்கிறார். ஓராண்டாக அதில் ஏறியும் ஒருமுறைகூட விழவில்லை என்கிறார். அதை அனுமதிக்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஓராண்டாக விழவில்லை என்பது அவருடைய திறமைக்குச் சான்று, கருவியின் பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. அது எங்கே வழுக்கும், எந்தப் போல்ட் தளரும் என்பது செய்தவருக்குத் தெரியும். போட்டியன்று அதே கருவியை வேறொருவர், கூட்டத்தின் ஆரவாரத்துக்கு நடுவே, வேகம் ஒன்றையே குறியாகக் கொண்டு மிதிப்பார். ஆகவே, செய்தவருக்கும் அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லாத ஒரு சிறு குழு, திருவிழாவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே கருவியைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அதில் அனுபவமுள்ள பனையேறி ஒருவரும் வெல்டிங் வேலை நன்கறிந்த ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும்.

1976இல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டு மரமேறும் போட்டியில், கருவிகள் அனைத்தும் சோதிக்கப்பட்ட பிறகே போட்டியாளர் மரத்தைத் தொட முடியும். உயிரைத் தாங்கும் கொக்கி, தானாகப் பூட்டிக்கொள்வதாகவும், இரண்டு வெவ்வேறு அசைவுகள் இல்லாமல் திறக்காததாகவும், ஏறத்தாழ 2,300 கிலோ எடைக்கு ஈடான 23 கிலோ நியூட்டன் விசையைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும் என்பது அந்தத் துறையில் நிலைபெற்ற அளவு. ஆனால் வலிமை மட்டும் போதாது. 2013இல், உலகெங்கும் மரமேறிகள் விரும்பி வாங்கிய, முறையான சான்று பெற்ற ஒரு புதிய கயிற்றுக் கருவியின் கண்ணிகளில் விரிசல் தென்பட்டதால், தயாரித்த நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. சோதனைக்கூடத்தைத் தாண்டி வந்த கருவிக்கே அந்த நிலை என்றால், பட்டறைக் கருவியிடம் நாம் கூடுதலாகக் கேள்வி கேட்பதில் தவறில்லை.

முதலில் கேட்க வேண்டியது, ஏதேனும் ஓர் உறுப்பு முறிந்தால் ஏறியவர் என்ன ஆவார் என்பதே. ஒரு போல்ட் கழன்றாலே ஆள் கீழே வருவார் என்றால், மேற்கொண்டு சோதிக்காமலே மறுத்துவிடுங்கள். அடுத்து, இடுப்பளவு உயரத்தில் கருவியைப் பூட்டி, ஏறுபவரின் எடையைப் போல் இருமடங்கு மணல் மூட்டைகளைத் தொங்கவிட்டு, மரத்தைப் பற்றும் ரப்பர் நழுவுகிறதா என்று பாருங்கள். பனையின் அடிமரம் பருத்து, மேலே போகப் போகச் சிறுக்கும். ஆகையால் அடியில் இறுக்கிய வளையம் நடுமரத்தில் தளரும். தொங்கும் நிலையில், ஒரு கையால் அதைத் திரும்ப இறுக்க முடிகிறதா என்பதையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். பனியில் நனைந்த மரத்திலும் ஒருமுறை பாருங்கள். நம் கடற்கரைக் காற்றின் உப்பு, வெல்டிங் ஓரத்தையும் ஸ்பிரிங்கையும்தான் முதலில் தின்னும். பூசிய பெயின்டைச் சுரண்டிப் பார்க்காமல் இரும்பை நம்பாதீர்கள்.

எந்தக் கருவிக்கு அனுமதி தந்தாலும், அதனோடு தொடர்பில்லாத தனிப் பாதுகாப்புக் கயிறு ஒன்று கட்டாயம் வேண்டும். பன்னாட்டுப் போட்டியின் வேக ஏற்றத்திலும் கீழிருந்து ஒருவர் பிடிக்கும் தனிக் கயிறு உண்டு. நம் ஊரில், காலில் தளைநார் என்னும் நார் வளையத்தை மாட்டி ஏறும் பனையேறி முதல்நாளே உச்சிக்குப் போய், காய்ந்த மட்டையில் அல்லாமல், பச்சை மட்டைகளின் அடிக்கு மேலே தண்டைச் சுற்றி அகலப் பட்டையைக் கட்டி, அதில் கொக்கியிட்டுக் கயிற்றை இறக்கலாம். படகிலிருந்து கழற்றிய பழைய நங்கூரக் கயிறு இதற்கு உதவாது. வெயிலில் கிடந்து நைந்த பிளாஸ்டிக் நாரில் ஓர் உயிரை ஒப்படைக்கக் கூடாது. ஏறுபவர் உடலில் அணியும் ஹார்னஸ் என்னும் பாதுகாப்புப் பட்டை, ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் பொறித்ததாக இருக்கட்டும்.

ஆடியில் கச்சான் காற்று வலுத்து வீசும் என்பதால், மரம் ஆடும் அளவுக்குக் காற்று எழுந்தால் போட்டியை நிறுத்தும் அதிகாரத்தை ஒரே ஒருவரிடம் ஒப்படையுங்கள். மேலே ஒருவர் மயங்கித் தொங்கினால் யார் ஏறி இறக்குவது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்து, ஒத்திகையும் பார்த்துவிடுங்கள்.

கருவி தேறவில்லை என்றால், காரணத்தை எழுத்தில் கொடுங்கள். எந்த உறுப்பு, எந்தச் சோதனையில், எப்படித் தவறியது என்று தெரிந்தால், அந்த இளைஞர் அதைத் திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு மறுபடியும் உங்கள் குழுவிடம் கொண்டுவரலாம்.