பழைய எஸ்9 மைனிங் இயந்திரத்தை வீட்டு ரௌட்டரில் இணைக்கத் தனி லைன் வேண்டுமா?

கணக்குப் புதிர்களுக்கு விடை தேடிப் பிட்காயின் ஈட்டும் ‘மைனிங்’ இயந்திரமான ஆன்ட்மைனர் எஸ்9 ஒன்றைக் கைமாறி வாங்கியிருப்பதாகவும், அதை வீட்டு ரௌட்டரில் இணைத்தால் மற்றவர்களுக்கு இணையம் மெதுவாகிவிடுமா, தனி இணைய லைன் எடுக்க வேண்டுமா, கேபிள் எவ்வளவு நீளம் போகலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தனி லைன் வேண்டாம். இயந்திரம் பூலிலிருந்து (பலருடைய இயந்திரங்களை ஒன்றுசேர்த்து, கிடைப்பதைப் பங்கிடும் சேவையிலிருந்து) சிறு சிறு வேலைகளைப் பெற்று, விடை கிடைக்கும்போது ஓரிரு வரிகளைத் திருப்பி அனுப்புகிறது. வீட்டில் ஒருவர் காணொளி பார்ப்பதற்குச் செலவாகும் இணையத்தில் மிகச் சிறு பங்குகூட அதற்குத் தேவைப்படாது. வேகத்தைவிட இணைப்பு அறுபடாமல் இருப்பதே முக்கியம். எஸ்9இல் வைஃபை கிடையாது என்பதால் கேபிள் இழுத்தே ஆகவேண்டும்.

நீங்களும் என்னைப் போலவே வீட்டின் பின்கட்டில் அதை வைத்துவிட்டு, பச்சை விளக்கு எரிந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பினாங்கில், பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் கணினி வலையமைப்பைப் பராமரிக்கும் வேலை பார்ப்பவன். 2021ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பிட்காயின் விலையைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நாள்களில், பட்டர்வொர்த்தில் ஒருவரிடமிருந்து ஒரு எஸ்9 வாங்கி, ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கேபிளைச் செருகினேன், விசிறி அலறியது, ஆனால் ரௌட்டரின் பட்டியலில் இயந்திரத்தைக் காணவில்லை. திருப்பிப் பார்த்தபோது அதன் பக்கவாட்டில் யாரோ மார்க்கர் பேனாவால் 192.168.0.107 என்று எழுதியிருந்தார்கள். முந்தைய வீட்டுக்கென்று நிலையான ஐபி முகவரி (வலையமைப்பில் இயந்திரத்தின் அடையாள எண்) கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்கள் ரௌட்டரோ 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுப்பது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வழியே இல்லை. மடிக்கணினியை நேரடியாக இயந்திரத்தோடு இணைத்து, அதற்கு 192.168.0.10 என்ற முகவரியைக் கொடுத்து உள்ளே நுழைந்தேன். பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் மாற்றப்படாத ‘ரூட்’. முகவரியை ரௌட்டரே கொடுக்கும் டிஎச்சிபி முறைக்கு மாற்றினேன், பூல் பட்டியலின் முதல் இடத்தில் என் பூலின் முகவரியையும் என் கணக்குப் பெயரையும் எழுதினேன், சேமித்தேன். பத்து நிமிட வேலை. அம்மாவிடம் கொஞ்சம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு நாள் ஓடியது. இயந்திரத்தின் பக்கத்தில் வேகம் 13.5 டெராஹாஷ் (விநாடிக்கு 13.5 இலட்சம் கோடி முயற்சிகள்) என்று காட்டியது, ஏற்றுக்கொள்ளப்பட்ட விடைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பூலில் என் கணக்கு மட்டும் சுழியாகவே இருந்தது. குறைந்தபட்சத் தொகை சேர்ந்த பிறகுதான் காட்டுவார்கள் போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள்தான் நிலைப் பக்கத்தைக் கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். அங்கே மூன்று பூல்கள் வரிசையாக இருந்தன. முதலாவது, என்னுடையது, ‘டெட்’. இரண்டாவது ‘அலைவ்’. அதில் இருந்த கணக்குப் பெயர் என்னுடையது அன்று.

நடந்தது இதுதான். பூல் முகவரியின் இறுதியில் வரும் 3333 என்ற போர்ட் எண்ணைத் தட்டச்சு செய்யும்போது ஒரு 3ஐ விட்டுவிட்டேன். முதல் பூல் பதில் சொல்லாவிட்டால் இரண்டாவதற்குத் தாவுவது இந்த இயந்திரத்தின் இயல்பு. இணையம் தடைபட்டாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. அந்த இரண்டாம் இடத்தை நான் பார்க்கவே இல்லை. பதினொரு நாள், ஏறக்குறைய 370 யூனிட் மின்சாரம், அம்மாவின் பெயரில் வரும் பில்லில், முகமறியாத ஒருவருக்காக ஓடியிருக்கிறது.

விற்றவரை அழைத்தேன். “அண்ணே, நான் இரண்டு மாதம்தான் வைத்திருந்தேன், அந்தப் பெயரை நான் பார்த்ததே இல்லை” என்றார். அவரை நம்புகிறேன். மார்க்கரில் முகவரியை எழுதியவர் அவருக்கும் முந்தையவராக இருக்கலாம். எனக்கு வலித்தது வேறு: ரீசெட் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தியிருந்தால் நிலையான முகவரியும் போயிருக்கும், அந்தப் பெயரும் போயிருக்கும். வேலை தெரிந்தவன் என்ற மிதப்பில் மடிக்கணினி வழியாக நுழைந்ததால்தான் அது தப்பித்தது.

“இவ்வளவு சின்னத் தவற்றுக்கு இத்தனை புலம்பலா” என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். வேறு சிலர், வீட்டில் மைனிங் செய்கிறவன் மின்சாரம் திருடுகிறவன் என்ற முடிவோடு வருவார்கள். அதே ஆண்டு சரவாக்கின் மீரியில் காவல் துறை 1,069 இயந்திரங்களைச் சாலை உருளை கொண்டு நசுக்கிய காணொளியை என் மாமா மட்டுமே மூன்று முறை எனக்கு அனுப்பினார். அவை திருட்டு மின்சாரத்தில் ஓடியவை. நான் மீட்டர் வழியாகவே ஓட்டினேன், அதற்கான வலியையும் மீட்டர் வழியாகவே பட்டேன். எஸ்9 ஏறத்தாழ 1,400 வாட் இழுக்கும். முப்பது நாளுக்கு 1,008 யூனிட். அப்போதைய கட்டண அடுக்கில் முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென், 900ஐத் தாண்டினால் 57.1 சென். மாதம் 350 யூனிட் செலவாகும் வீட்டுக்கு, வரியும் கழிவும் சேர்க்காமல், 103 வெள்ளி வரும். அதோடு இந்த 1,008ஐச் சேர்த்தால் 657 வெள்ளி. 2025 ஜூலையில் கட்டண அமைப்பே மாறிவிட்டதால் உங்கள் பில்லை வைத்துக் கணக்குப் போடுங்கள். வருமானமும் மாறிவிட்டது: அப்போது ஒரு பிளாக்குக்கு (பரிவர்த்தனைகளின் ஒரு தொகுப்புக்கு) மைனிங் பரிசு 6.25 பிட்காயின், 2024 ஏப்ரலிலிருந்து 3.125. இன்று வீட்டுக் கட்டணத்தில் எஸ்9 ஓட்டினால் நட்டம்தான். பொழுதுபோக்காகவோ கற்றுக்கொள்ளவோ என்றால் நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆகவே, முதலில் ரீசெட் செய்யுங்கள். ‘ரூட்’ என்ற கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். மூன்று பூல் இடங்களிலும் உங்கள் கணக்கையே எழுதுங்கள்; ஒரே பூலின் வெவ்வேறு சர்வர் முகவரிகளாக இருந்தால் போதும். ரௌட்டரில் போர்ட் எதையும் திறக்காதீர்கள். இயந்திரம்தான் வெளியே அழைக்கிறது, வெளியிலிருந்து யாரும் அதை அழைக்கத் தேவையில்லை. உங்கள் ரௌட்டர் கேபிள் இணைப்புக்கும் விருந்தினர் வலையமைப்பைக் கொடுத்தால், அதில் தனியாக வைப்பது நல்லது. ஆனால் அப்படி வைத்தால் உங்கள் கைப்பேசியிலிருந்து அதன் பக்கம் திறக்காமல் போகலாம், பழுதென்று பயப்பட வேண்டாம். அமெரிக்கர்கள் 240 வோல்ட் தனி மின் லைன் வேண்டும் என்று எழுதுவதையும் பொருட்படுத்தாதீர்கள், நம் சுவரில் இருப்பது 230 வோல்ட். எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் செருகாதீர்கள். இரவு பகலாக 6 ஆம்பியர் ஓடும் பொருள் அது, ஒரு வயர்மேனை அழைத்து பிளக்கைக் காட்டிவிடுங்கள்.

கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். நான் ‘கேட் 5இ’ (Cat 5e) வகைக் கேபிள் 20 மீட்டர் இழுத்தேன். பக்கத்து வீட்டு அங்கிள் சத்தம் தாளாமல் இரண்டாம் முறை கேட்டைத் தட்டிய பிறகு இயந்திரத்தை விற்றுவிட்டேன், மூன்று பூல் இடங்களையும் அழித்துவிட்டுத்தான். கேபிள் சுவரோரம் அப்படியே இருக்கிறது, அம்மாவின் அறைத் தொலைக்காட்சி இப்போது அதில் ஓடுகிறது.