41 வயதில் "இரத்தக்குழாயின் வயது 54" என்று ரிப்போர்ட் வந்தால் என்ன அர்த்தம்? அதைக் குறைக்க முடியுமா?

கேட்டவர் கொழும்பில் வேலை செய்பவர். அலுவலகத்தில் எல்லோருக்கும் செய்த மருத்துவப் பரிசோதனையில் இந்த 54 வந்திருக்கிறது. பிரஷர் 148/92. நெஞ்சு நோ, களைப்பு எதுவும் இல்லை என்கிறார். நான் கொழும்பில் ஒரு அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

தம்பி, முதலில் அந்த 54 எப்படி வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது ஒரு கணக்கு. வயது, பிரஷர், கொலஸ்ட்ரோல், சிகரெட், நீரிழிவு எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டால், உங்களுக்குள்ள ஆபத்து வேறு குறை ஒன்றுமில்லாத 54 வயதுக்காரருடைய ஆபத்துக்குச் சமம் என்று வரும். அமெரிக்காவின் பிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது. இன்னொரு முறையில் கையிலும் கணுக்காலிலும் பட்டி கட்டி, நாடித் துடிப்பின் அலை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று நேரடியாக அளப்பார்கள். விறைத்த குழாயில் அலை வேகமாக ஓடும். ஆனால் அந்த நேரத்துப் பிரஷர் கூடினால் இந்த அளவும் கூடும். ஆகவே பதற்றத்தோடு போய்ப் படுத்து எடுத்த ஒரு அளவை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

குழாய்க்கு வயது போவது என்றால் இரண்டு விஷயம் நடக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தது, உட்சுவரில் கொழுப்புப் படிவது. அதற்கு முக்கிய காரணம் கெட்ட கொலஸ்ட்ரோல் என்று சொல்கிற எல்டிஎல். மற்றதைப் பற்றி யாரும் பேசுவதில்லை: குழாயின் சுவரே விறைத்துப் போவது. இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடியின் சுவரில் எலாஸ்டின் என்ற இழைகள் இருக்கின்றன. இருதயம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் அந்த இழைகள் விரிந்து, பிறகு சுருங்கி, இருதயம் இளைப்பாறும் நேரத்திலும் இரத்தத்தை முன்னே தள்ளுகின்றன. இந்த இழைகள் பெரும்பாலும் சின்ன வயதிலேயே உருவாகி முடிந்துவிடும். அறுந்தவற்றுக்குப் பதிலாக உடம்பு அதே மாதிரிப் புதிய இழைகளைச் செய்வதில்லை. அந்த இடத்தில் கொலாஜன் என்ற விறைப்பான இழைகள் கூடுகின்றன. நீரிழிவு இருந்தால், இரத்தத்தில் உள்ள சீனி அந்தக் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இன்னும் இறுக்கிவிடும். சிகரெட் உட்சுவரைக் கெடுத்து, குழாய் தளர வேண்டிய நேரத்தில் தளர விடாது.

விறைத்த பெருநாடி அடியின் வேகத்தைத் தாங்கிக்கொள்ளாது. அந்த அடி நேராக மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் நுண்குழாய்களில் விழுகிறது. வயதானவர்களுக்கு மேல் பிரஷர் ஏறி, கீழ்ப் பிரஷர் இறங்கி, 170/70 என்று வருவது இதனால்தான். "கீழே உள்ளது நல்லாத்தானே இருக்கு" என்று கிளினிக்கில் நிம்மதிப்படுவார்கள். அந்த இடைவெளி அகலமாவதே விறைப்பின் அடையாளம்.

இனி உங்கள் கேள்வி. அறுந்த இழை திரும்ப வராது. ஆனால் பிரஷரைக் குறைத்தால் குழாய் உடனேயே கொஞ்சம் இளகும், ஏனென்றால் குறைந்த அழுத்தத்தில் சுமையை மிச்சமுள்ள எலாஸ்டின் தாங்கும். அழுத்தம் ஏறினால்தான் கொலாஜன் தாங்க வேண்டி வரும். சிகரெட்டை விட்டு ஒரு வருடமானால், அதனால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகும். பொலிவியாவின் காடுகளில் வாழும் சிமானே மக்களைப் பற்றி 2017இல் வந்த ஆய்வில், அவர்களுடைய 80 வயதுக்காரரின் குழாய்கள் ஐம்பதுகளின் நடுவில் இருக்கும் அமெரிக்கருடையதைப் போல இருந்தன. வயதோடு இவ்வளவும் வந்தே தீரும் என்றில்லை.

நமக்கு நேரம் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், இலங்கை உட்பட்ட தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது. மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. ஆகவே 41 சின்ன வயது என்று தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் பிரஷர் பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் இரண்டு தடவை, ஒரு வாரம். அதற்கு அரை மணி நேரம் முன்னால் தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் வேண்டாம். சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது. டொக்டர் குளிசை தந்தால், அளவு சரியாக வந்ததும் நிறுத்தாதீர்கள். சரியாக வந்தது குளிசையால்தான். நான் கண்ட பக்கவாதங்களில் எனக்கு இன்னும் ஆறாதவை, அப்படி நிறுத்திவிட்டு வந்தவர்களுடையவை.

உப்பு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக. கருவாடு, அச்சாறு, கடை ரோல்ஸ், இரவுக் கொத்து, பாண் கூட இந்தக் கணக்கில்தான் வரும். வெள்ளவத்தைப் பக்கம் என்றால் பின்னேரம் மரைன் டிரைவில் மூச்சு வாங்க நடக்கலாம். குழாயைக் கழுவும் என்று விற்கிற பவுடருக்கும், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் மீன் எண்ணெய் மாத்திரைக்கும் காசையும் நம்பிக்கையையும் செலவழிக்க வேண்டாம்.

காசு பிரச்சினை என்றால், 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். போகும்போது ரிப்போர்ட்டோடு ஒரு தகவலையும் கொண்டு போங்கள்: அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன்னால் மாரடைப்பு வந்ததா என்று. டொக்டர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.