வீடு பார்த்தாயிற்று, காணி பார்த்தீர்களா?

கேள்வி: கிளிநொச்சியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஏழு வருடங்களாக வாடகை வீடு. பாடசாலைக்குப் பக்கத்து ஒழுங்கையில் அரை ஏக்கர் வளவுடன் ஒரு கல்வீடு விலைக்கு வந்திருக்கிறது. நல்ல கிணறு, நாலு மாமரம். 60 இலட்சம் சொல்கிறார்கள். உரிமையாளர் கனடாவில் இருக்கிறார். அவருடைய அக்காவின் மகன்தான் திறந்து காட்டினார். தெரிந்த தரகர் ஒருவர், தானே எல்லாம் முடித்துத் தருவதாகச் சொல்லி நூற்றுக்கு மூன்று கேட்கிறார். "வீட்டைக் கண்டுபிடித்தது நாங்கள், அவருக்கு ஏன் காசு?" என்கிறார் என் கணவர். 10 இலட்சம் முற்பணம் தந்தால் துண்டு எழுதித் தருவதாக அந்த மருமகன் சொல்கிறார். தரகர் இல்லாமல் வாங்கலாமா?
- வாசகி, கிளிநொச்சி

பதில்: அன்புள்ள சகோதரி,

வாங்கலாம். உங்கள் கணவர் சொல்வதில் பிழையில்லை. தரகருக்குக் கொடுப்பது வீடு தேடித் தருவதற்கும் விலை பேசி முடிப்பதற்கும்தான். தேடும் வேலை முடிந்துவிட்டது. விலையை நீங்களே பேசலாம். 1,80,000 ரூபா ஓர் ஆசிரியைக்குச் சின்னக் காசும் இல்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கிணறு இருக்கிறது, மாமரம் இருக்கிறது. காணி சொந்தப் பத்திரமுள்ள உறுதிக் காணியா, அரச அனுமதியில் இருக்கும் பெர்மிட் காணியா என்று ஓரிடத்திலும் இல்லை. வன்னியில் வீடு வாங்குகிறவர் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி அது. இங்கே பல ஊர்கள் குடியேற்றத் திட்டங்களால் உண்டானவை. காடு வெட்டிக் குடியிருந்தவர்களுக்கு அரச காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கொடுக்கப்பட்டது. பெர்மிட் வைத்திருப்பவர் அனுபவிக்கலாம், வாரிசை நியமிக்கலாம். விரும்பியவருக்கு விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் இருந்தால்கூட, பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதத்தை முன்கூட்டியே பெறாமல் கைமாற்றினால் அது செல்லாது. மேலே கல்வீடு நிற்பதால் காணியின் சாதி மாறிவிடாது. போருக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா உதவியுடன் எழும்பிய வீடுகளில் எத்தனையோ பெர்மிட் காணியில்தான் நிற்கின்றன. மின்சார பில்லையும் சோலைவரித் துண்டையும் காட்டி "எல்லாம் எங்கள் பெயரில்தான்" என்பார்கள். அவை உறுதி ஆகா. இயக்கக் காலத்தில் கொடுத்த காணிக் கடதாசிகளுக்கும் இன்றைய காணிப் பதிவகத்தில் இடமில்லை.

ஆகவே ஒரு நாள் லீவு போட்டுப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போங்கள். பெர்மிட் காணி என்று தெரிந்தால், மாமரத்தை மறந்துவிட்டு வேறு வீடு பாருங்கள். "அதெல்லாம் பெயர் மாற்றலாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தரகர் சொன்னால் அவரிடமிருந்தும் தள்ளி நில்லுங்கள்.

உறுதிக் காணி என்றால் அடுத்த வேலை, உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசுடையது. மருமகன் கூட்டிவரும் நொத்தாரிசு வேண்டாம். உங்கள் பணத்தில், உங்களுக்கு வேலை செய்யும் ஒருவரைப் பிடியுங்கள். அவர் காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடி, ஈடு (அடமானம்), வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். இந்தச் செலவில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். நில அளவையாளரையும் கூப்பிட்டு அளந்துவிடுங்கள். அரை ஏக்கர் என்றால் எட்டுப் பரப்பு வர வேண்டும். இடம்பெயர்ந்து திரும்பி வந்து போட்ட வேலிகள் பழைய எல்லைக் கற்களோடு ஒத்துப்போகும் என்று நம்பிவிட முடியாது.

உரிமையாளருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரமான அற்றோணி மருமகனிடம் இருக்கிறதா? திறப்பு வைத்திருப்பவரெல்லாம் விற்க உரித்துள்ளவர் அல்லர். அந்தப் பத்திரத்தில் இந்தக் காணியை விற்கும் அதிகாரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அற்றோணி கொடுத்தவர் இறந்தால் அதுவும் அன்றோடு முடிந்துவிடும். கனடாக்காரரோடு வீடியோவில் ஒரு தடவை முகம் பார்த்துப் பேசுவதில் கூச்சப்படாதீர்கள். பரம்பரையாக வந்த முதுசக் காணி என்றால் அந்த மருமகனின் தாயாருக்கும் அதில் பங்கு இருக்கலாம். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முன்னீட்டுரிமை, அதாவது மற்றவருக்கு முன் தானே வாங்கும் உரிமை, உண்டு. 1947ஆம் ஆண்டிலேயே அதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. அறிவிக்காமல் வாங்கினால், பிறகு அவர் வழக்கோடு வந்து நிற்கலாம்.

முற்பணத்துக்கு வருவோம். இதுதான் என்னைப் பயமுறுத்தியது. 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். மருமகன் தரும் துண்டை வைத்துக்கொண்டு காசைத் திருப்பிக் கேட்டு அலையலாம். வீட்டை எழுதித் தரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நொத்தாரிசு எழுதும் விற்பனை உடன்படிக்கை இல்லாமல் பத்து ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

மீதப்படும் தரகுக் காசில் தளபாடம் வாங்கத் திட்டம் போட்டிருப்பீர்கள். பொறுங்கள். முத்திரை வரி முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். 60 இலட்சத்துக்கு 2,39,000 ரூபா. அது வாங்குபவர் தலையில். உறுதி எழுதியதும் பதிவு நடந்ததா என்று விடாமல் கேளுங்கள். அதே காணியை இன்னொருவருக்கும் எழுதிக்கொடுத்து, அவர் முந்திப் பதிந்துவிட்டால் உங்கள் உறுதி பின்னுக்குப் போய்விடும்.

கடைசியாக ஒரு பின்னேரம் நீங்கள் மட்டும் அந்த ஒழுங்கைக்குப் போங்கள். பக்கத்து வளவு அம்மாவிடம் 2018 டிசம்பர் வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, ஆவணியில் அந்தக் கிணற்றில் எத்தனை வாளி தண்ணீர் தேறும் என்று கேளுங்கள். மருமகன் இதைச் சொல்லப் போவதில்லை.