கூச்சமா, கோளாறா?

வணக்கம் சகோதரரே. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் அலுவலக நண்பர்களோடு உட்கார்ந்தால் சோற்றை அள்ளும் கை நடுங்குவதாகவும், ஓராண்டாக மதிய உணவைக் காரிலேயே முடித்துக்கொள்வதாகவும், வீட்டில் அதை 'வெறும் கூச்சம்' என்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

கூச்சம் ஒரு சுபாவம்; அது நோயல்ல. பிறர் நம்மைக் கவனித்துக் குறைவாக மதிப்பிடுவார்கள் என்ற அச்சம் அத்தகைய சூழலில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் எழுந்து, ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்து, கடும் வேதனை தரும்போதோ வேலையையோ உறவையோ குலைக்கும்போதோதான் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 என்ற மனநோய் கண்டறியும் கையேடு அதைச் சமூகப் பதற்றக் கோளாறு என்கிறது. 1980இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் 'சமூக அச்சம்' என்ற பெயரில் இடம்பெற்றபோதே பிறர் முன் உண்ணும் பயம் இதற்கு எடுத்துக்காட்டாகக் கருதப்பட்டது. ஆகவே உங்கள் சிக்கல் விசித்திரமானதல்ல. மேடையில் மட்டும் வரும் பயத்தை 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பு தனியாகக் குறிக்கிறது. உங்களுடையது அதில் சேராது.

ஆனால் ஒன்று: தனியாக டம்ளரைத் தூக்கும்போதும் கை நடுங்குகிறதா? அப்படியானால் தைராய்டு போன்ற உடற்காரணம் இருக்கலாம். அதனால் முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் காட்டி, காரில் சாப்பிடுவதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவருக்கு நடுக்கத்தைவிட அந்தத் தவிர்ப்பே அதிகம் உணர்த்தும்.