ஷித்சோங்கா மொழியில் வினையொட்டுகள் ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன?

ஷித்சோங்கா வினைச்சொல்லில் ஒட்டுகள் வெறுமனே வரிசையில் வந்து சேர்கின்றனவா, அல்லது புதிய ஒட்டு வந்ததும் முன்பிருந்தது மாறிவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் நடக்கின்றன; ஆனால் அந்த இலக்கணத்தின் அழகு இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசமைப்பு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்ற இந்த மொழி, ஆப்பிரிக்க மொழிக்குடும்பங்களுள் ஒன்றான பாண்டுவைச் சேர்ந்தது; மொசாம்பிக்கிலும் பேசப்படுகிறது. இதில் எழுவாயைச் சுட்டும் ஒட்டு வேருக்கு முன்னும், பிறவினை, செயப்பாட்டுவினை ஆகியவற்றுக்குரிய ஒட்டுகள் வேருக்குப் பின்னும் வரும்.

'ஷவா' என்பது வாங்குதல். அதனுடன் பிறவினை ஒட்டான 'இசா' சேர்ந்தால் 'ஷவிசா', அதாவது வாங்கச் செய்தல். விற்பதற்கு அம்மொழியில் வழங்கும் சொல்லே இதுதான். 'ஒருவருக்காக' என்ற பொருளைத் தரும் 'எலா' சேர்ந்தால் 'ஷவெலா'. இரண்டும் சேரும்போது பிறவினை ஒட்டு முந்திக்கொண்டு 'ஷவிசெலா' என்றாகிறது. இதன் மேல் செயப்பாட்டு ஒட்டான 'இவா' ஏறும்போது, நாம் எதிர்பார்க்கும் 'ஷவிசெலிவா' கிடைப்பதில்லை. 'ஷவிசெரிவா' என்றே வருகிறது. இகரம் தொடர்ந்ததும் லகரம் ரகரமாகத் திரிகிறது. சொல்லுதல் என்னும் பொருளுடைய 'ப்யேலா', சொல்லப்படும்போது 'ப்யேரிவா' ஆவதோடு, முற்றுப்பெற்ற செயலைக் காட்டும் 'இலே' சேரும்போதும் 'ப்யேரிலே' ஆவதால், இத்திரிபுக்குக் காரணம் ஒட்டின் பொருளன்று, அதன் தொடக்கத்திலுள்ள இகரமே என்பது உறுதியாகிறது. கல் என்பது கற்பி ஆகும்போது லகரம் திரிவதை அறிந்த நமக்கு, காரணம் வேறானாலும், இது அந்நியமாகத் தோன்றாது.

ஒலியைவிட ஆழமான மாற்றம் வாக்கிய அமைப்பில் நிகழ்கிறது. 'குழந்தைக்குக் காலணி வாங்கப்படுகிறது' என்னும் தமிழ் வாக்கியத்தில் எழுவாய் காலணிதான். குழந்தை நான்காம் வேற்றுமையை விட்டு நகர இயலாது. ஷித்சோங்காவிலோ 'ந்வனா உ ஷவெரிவா தின்டாங்கு' எனக் குழந்தையே எழுவாயாகிறது. 'எலா' குழந்தையை வினையின் செயப்படுபொருளாக்கிவிடுகிறது. அதன் பின் வரும் 'இவா' அச்செயப்படுபொருளை எழுவாயாக உயர்த்துகிறது. முதலாவது ஒட்டு இல்லையேல் இரண்டாவது ஒட்டால் குழந்தையை அங்கே கொண்டுபோக முடியாது.

வேரின் இரு பக்கங்களும் சேர்ந்து இயங்கும் இடம் எதிர்மறை. 'ண்ட்ஸ ஷவா' என்றால் நான் வாங்குகிறேன். நான் வாங்குவதில்லை என்பதற்கு 'அ ண்ட்ஸி ஷவி' என்பர். முன்னால் 'அ' வந்ததும் கடைசி உயிர் 'இ' ஆகிவிடுகிறது. வாங்கவில்லை என இறந்தகாலத்தில் மறுக்கும்போது, அதே 'அ' நிற்க, இறுதி 'அங்கி' ஆகி, 'அ ண்ட்ஸி ஷவங்கி' என வருகிறது. ஆகவே முன்னொட்டைத் தனியாகவும் பின்னொட்டைத் தனியாகவும் மனப்பாடம் செய்யாமல், இரு முனைகளையும் ஒரே வடிவமாகச் சேர்த்துப் படியுங்கள்.

வரிசையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. பிறவினை, 'எலா', 'ஒருவரையொருவர்' என்னும் 'அனா', செயப்பாட்டுவினை என்ற ஒழுங்கு பாண்டு மொழிகள் பலவற்றுக்குப் பொதுவானது என்று மொழியியலாளர் லாரி ஹைமன் விளக்கியிருக்கிறார். ஆனால் ஒன்றுகூடுதல் என்னும் 'ஹ்லங்கனா', ஒன்றுசேர்த்தல் என்னும் 'ஹ்லங்கனிசா' ஆகும்போது 'அனா' முன்னும் 'இசா' பின்னும் நிற்பதைக் காணலாம். அங்கே 'அனா' வேரோடு ஒன்றிப் போய்விட்டதால், அதைத் தனி ஒட்டாகப் பிரித்து எண்ணக் கூடாது.