மூடித் திறந்தா கார்டு காணோம்: லேப்டாப் கேள்வி பதில்

மதுரைல பழைய லேப்டாப் ரிப்பேர் பாக்குறேன். ஸ்லீப்புக்கு அப்புறம் ஸ்லாட் கார்டு, அதான் லேப்டாப் சைடுல சொருகுற கார்டு, மக்கர் பண்ணுதுன்னா கேளுங்க.

மேலூர் தம்பி: அண்ணே, லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப், சைடு ஸ்லாட்ல வைஃபை கார்டு. மூடித் திறந்தா லைட்டே எரியல. கார்டு போச்சா?

போகல தம்பி. தூங்குறப்ப ஸ்லாட்டுக்கு கரண்ட் நின்னா கார்டுல இருந்த செட்டிங் பூரா அழிஞ்சிரும், எந்திரிச்சதும் டிரைவர், அதான் கார்ட இயக்குற சாஃப்ட்வேர், அத மொதல்ல இருந்து ஏத்தணும், சில டிரைவர் அத ஒழுங்கா பண்றதில்ல. டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கிற விண்டோ) sudo pccardctl eject குடுங்க, கார்டுக்கு கரண்ட் நிக்கும், அஞ்சு செகண்ட் விட்டு sudo pccardctl insert குடுங்க. கார்டு முனைல புள்ளி புள்ளியா மேடு வச்ச தங்கக் கலர் பட்டை இருந்தா 32 பிட் கார்ட்பஸ், இல்லேன்னா பழைய 16 பிட், ரெண்டுக்குமே இதே கமாண்ட்தான். சும்மா சும்மா பிடுங்கி சொருகாதீங்க, ஸ்லாட்டுக்குள்ள பின்னு ஊசி மாதிரி இருக்கும், ஒண்ணு வளஞ்சாலும் கஷ்டம்.

திருமங்கலம் ஸ்டுடியோ அக்கா: சைடு ஸ்லாட்ல சொருகுற எக்ஸ்பிரஸ்கார்டு ரீடர்ல கேமரா மெமரி கார்டு இருந்துச்சு தம்பி. லேப்டாப்ப மூடிட்டு கார்ட உருவி கேமராவுல போட்டு முகூர்த்தம் எடுத்தேன். திரும்ப சொருகித் திறந்தா ஃபோல்டரே திறக்கல.

அக்கா, அந்தக் கார்டுல இனிமே ஒரு போட்டோ கூட எடுக்காதீங்க, ஃபார்மட் கேட்டா வேணாம்னு சொல்லுங்க. தூங்குன லேப்டாப் மெமரில பழைய ஃபைல் பட்டியல் அப்படியே நிக்கும், கேமரா நடுவுல எழுதுனது அதுக்குத் தெரியாது, எந்திரிச்சதும் பழசையே கார்டு மேல எழுதிரலாம். அப்படி கெட்டது பட்டியல்தான்னா படம் பெரும்பாலும் உள்ளயே இருக்கும், பயப்படாதீங்க. கார்டு ஓரத்துல இருக்குற, எழுத விடாம தடுக்குற லாக்க தள்ளிட்டு, வேற கம்ப்யூட்டர்ல முழு கார்டையும் அப்படியே ஒரே ஃபைலா (டிஸ்க் இமேஜ்) காப்பி எடுங்க, அந்தக் காப்பில ஃபோட்டோரெக் ஓட்டுங்க, தொலைஞ்ச படத்த மீட்குற காசில்லாத சாஃப்ட்வேர்தான். ஃபைல் பேரு மாறி வரும், பரவால்ல. திரும்ப எடுக்க முடியாத கல்யாணம்கா, அதான் இவ்வளவு சொல்றேன்.

உசிலம்பட்டி நண்பர்: விண்டோஸ்ல எக்ஸ்பிரஸ்கார்டு யுஎஸ்பி போர்ட் ஸ்லீப்புக்கு அப்புறம் செத்துருது.

டிவைஸ் மேனேஜர்ல அந்தக் கார்டோட யுஎஸ்பி ரூட் ஹப் ப்ராப்பர்டீஸ், பவர் மேனேஜ்மென்ட்ல கரண்ட் மிச்சம் பண்ண ஆஃப் பண்ணலாம்ங்கிற டிக்க எடுங்க. கார்டுக்கு தனி அடாப்டர் பின் இருந்தா அதையும் குடுத்துப் பாருங்க.

திருமங்கலம் அக்கா: லாக் போட்டேன் தம்பி. காப்பி அதே கார்டுல சேவ் ஆகுமா?

ஆகவே கூடாதுக்கா. இடம் நிறைய இருக்குற வேற ஹார்ட் டிஸ்க்ல. சார்ஜர் சொருகியே இருக்கட்டும், நடுவுல கரண்ட் போனா முதல்ல இருந்து எடுங்க.